அரைப்பேரும் சிறுத்தையும்

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் தொப்பென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சத்தத்தைவிட அதற்குப் பின்னால் வருகிற அமைதிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஐந்து வயது மகள் குளிக்கிற துவாயை முதுகில் கட்டிக்கொண்டு, சோபாவுக்குக் கீழே கையையும் காலையும் பரப்பிக் கிடந்தாள். கண் மூடியிருந்தது.

"பாப்பா! எங்க பட்டுச்சி?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "போங்கம்மா, கிட்ட வராதீங்க. நான் அடி வாங்கி மயங்கிட்டேன். இனி எண்ணணும்."

அப்பாவின் போனில் மல்யுத்தம் பார்த்துப் பழகியிருக்கிறாள். திட்டினால் நான் இல்லாத நேரம் பார்த்துக் குதிப்பாள். திட்டாவிட்டால் என் கண்ணெதிரே குதிப்பாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் வீட்டுக்காரர் நுவரெலியா மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த உருளைக்கிழங்குச் சாக்குகளை இழுத்துவந்து மடித்துச் சோபாவின் முன்னால் விரித்தேன். ஒரு தாய் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் சாக்கை உதறியபோது ஈரமும் மண்ணும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதே மாதிரிச் சாக்கு வாசனையின் நடுவே ஒருநாள் எங்கள் அண்ணன் விழுந்து கிடந்தான். அன்றைக்கு அவனுக்கு நெசமாகவே அடிபட்டிருந்தது. நம்பத்தான் ஆளில்லை.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். பிள்ளை மடுவத்தில் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். கொழுந்து எடுக்க மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. காலையெல்லாம் அழுகை, பால்வாடை, காயாத துணி. அங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். சும்மா விழுந்த குழந்தை உடனே கத்தும். நெசமாகவே அடிபட்ட குழந்தை வாயைத் திறக்கும், சத்தம் வராது. அந்த இடைவெளியில்தான் நாம் ஓட வேண்டும்.

பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணை ஆட்களால் நிறைந்துவிடும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெரிய டிவி எங்களிடம்தான் இருந்தது. மல்யுத்தம் போடுகிற நேரத்தில் ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போடுவார்கள்.

"எல்லாம் எழுதி வச்சிதான் அடிக்கிறானுங்க."

"அப்ப அந்த ரெத்தம்? அதையும் எழுதி வச்சானுங்களா?"

எங்கள் ரவி அண்ணன் எந்தக் கட்சியிலும் சேரமாட்டான். அவன் சண்டையையே பார்ப்பதில்லை. டிவியில் மேடையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரச் சனத்தின் முகங்களைப் பார்ப்பான். "அடிய பாக்காத புள்ள. யாரு மேல சனத்துக்கு ஆத்தரம் வருதுன்னு பாரு. அங்கதான் கத இருக்கு" என்பான். பக்கத்தில் சுதா அண்ணன் ஆமாம் போடுவார். ஒன்றாம் வகுப்பிலிருந்து இவனோடு ஒட்டிக்கொண்டவர். தேயிலை ஃபெக்டரியில் வேலை. உடம்பு மலை மாதிரி. வழியில் ஆடு நின்றால்கூட விலகி வழிவிட்டுப் போகிற மனசு.

அந்த வருடப் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் மல்யுத்தம் போட்டுக் காட்டுவது என்று இரண்டு பேரும் முடிவெடுத்தார்கள். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. காரணம் சண்டையல்ல. அண்ணனுக்குக் கட்டாரில் வேலை பேசி முடித்திருந்தார்கள். பொங்கல் முடிந்த கையோடு கொழும்பில் மெடிக்கல். அம்மா தினமும் ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே ஒரே பேச்சைப் பேசிவிட்டுத்தான் மலைக்குப் போவார்.

"ஒடம்ப பத்தரமா வச்சிக்கடா. கையி கால்ல ஒரு கோளாறு இருந்தாலும் திருப்பி அனுப்பிருவானுங்களாம்."

"சரிம்மா. நான் என்னா மலையிலருந்தா குதிக்கப்போறேன்?" என்பான். அம்மாவிடம் கயிறிழுத்தல் போட்டி ஏற்பாடு என்று சொல்லிவைத்திருந்தான். நானும் ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று யோசித்தால், "படிச்ச புள்ள, கத நீதான் எழுதணும்" என்று அவர்கள் சொன்னது காதுக்கு இனிப்பாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

பிள்ளை மடுவத்துச் சாவி என்னிடம் இருந்ததால், பிள்ளைகள் போன பிறகு அங்கேதான் ஒத்திகை. உரச்சாக்குகளுக்குள் மானாப்புல்லை அடைத்துத் தரையில் பரப்பி, அதில் விழுந்து பழகினார்கள். முதல் சிக்கல் பெயரில் வந்தது. கதாநாயகன் சுதா அண்ணன்தான், அதில் சண்டையில்லை.

"மலைப்புலின்னு வச்சா என்னா?" என்றார் ஆசையாக.

"வைடா. பொங்கலன்னைக்கே ரெண்டு பேரும் பொலிஸ் ஜீப்புல ஊர்வலம் போவலாம்" என்றான் அண்ணன்.

சிரித்தோம். சிரித்துவிட்டு மூன்று பேருமே ஒருமுறை ஜன்னலைப் பார்த்தோம். அப்புறம் சிறுத்தை என்று வைத்தோம். சிறுத்தை தேயிலைக்குள் தாராளமாக நடமாடலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

வில்லன்தான் அமையவில்லை. அண்ணன் முகத்தில் கரி பூசினான். மண்டையோடு வரைந்த சட்டை போட்டான். ஒருநாள் மடுவத்துப் பிள்ளைகள் இருக்கும்போதே அந்த வேஷத்தில் உள்ளே நுழைந்து உறுமினான். ஒரு குழந்தை தவழ்ந்து வந்து அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"பயம் வரல்லண்ணே. பாவமா இருக்கு" என்றேன்.

அவன் முகம் தொங்கிப்போனது. வில்லன் கிடைத்தது இரண்டொரு நாள் கழித்து, எங்கள் வீட்டு அடுப்படியில். அம்மா மலையிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் விளையாட்டாக ஒரு வாளியைத் தூக்கிப் பிடித்து, தராசைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கி, கத்தாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "ஈரக்கொழுந்து. ரெண்டு கிலோ கழிவு. ஒங்களுக்கு இன்னைக்கி அரைப்பேரு. அடுத்தாளு வாங்க."

உங்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம். வேலை முடிந்தால் பேர் போடுவார்கள். ஈரத்துக்கென்று கழித்தது போகக் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றுவிட்டுத் தராசடியில் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும்.

அம்மா சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பெற்ற பிள்ளையை யாரோ போலப் பார்த்தார். "டேய், அந்த மாதிரி பேசாத. வயிறு எரியிது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் வாளியை இறக்காமலே என்னைப் பார்த்தான். "கெடச்சிட்டான்" என்றான் மெதுவாக.

கரியும் வேண்டாம், மண்டையோடும் வேண்டாம். காக்கிக் காற்சட்டை, நீளக் காலுறை, கையில் ஒரு தராசு. பெயர் அரைப்பேரு. தன்னைக் கெட்டவன் என்று அவன் நினைக்கவே கூடாது, சட்டப்படி நடக்கிறவன் என்றுதான் நினைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

கதையையும் அதிலிருந்தே இழுத்தோம். எதிரிகள் அடித்துக்கொண்டால் வேடிக்கை. கூட்டாளிகள் அடித்துக்கொண்டால் சனம் எழுந்து போகாது. அதனால் இருவரும் ஒன்றாக மூட்டை சுமந்தவர்கள், ஒருவன் கையில் தராசு வந்தது, முதல் அரைப்பேரைக் கூட்டாளியின் தாய்க்கே போட்டான் என்று எழுதினேன். சுதா அண்ணன் முகம் மாறியது. "எங்கம்மாவுக்கா?" என்றார். "கதைதானேண்ணே" என்றேன். தலையாட்டினார்.

முடிவும் வைத்திருந்தேன். சித்திரை வருடப்பிறப்புக்கு, அண்ணன் கட்டாருக்குக் கிளம்புவதற்கு முன்னால், இரண்டாவது ஆட்டம். அதில் அரைப்பேரு தராசை உடைத்துவிட்டுச் சிறுத்தையைக் கட்டிப்பிடிப்பான். அதுவரை பகை.

அண்ணன் இன்னும் ஒருபடி மேலே போனான். "மேடையில ஏறி கத ஆரம்பிச்சா ரொம்ப லேட்டு. இன்னையிலருந்தே ஆரம்பிச்சிருவோம்." அன்றிலிருந்து இருவரும் வெளியில் பேசுவதில்லை. கடையில் இவன் நுழைந்தால் அவர் எழுந்து போவார். ஒருநாள் கோயிலடியில் எல்லோரும் பார்க்க அண்ணன் அவர் தோளை இடித்துவிட்டுப் போனான். பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அம்மாவை மறித்துக் கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா பதறிப்போய் சுதா அண்ணனின் தாயைத் தேடிப் போனார். இரண்டு தாய்மாரும் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

"தங்கச்சி, எங்கம்மா சோறு திங்கல்ல. சொல்லிரட்டா?" என்று அன்றைக்கு மடுவத்தில் சுதா அண்ணன் கேட்டார்.

"பொங்கல் வரைக்கும் பொறுடா. காமன் கூத்துல அழுவுற சனந்தானே, இதுக்கும் அழுவட்டும். பொறவு சிரிப்பாங்க" என்றான் அண்ணன்.

கடைசி ஒத்திகையில் சுதா அண்ணன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "நெசமாவே அடிபட்டா எப்படிடா தெரிஞ்சிக்கிறது? நீ சும்மாவே அப்புடி கத்துறியே."

"பேர் போடுன்னு சொல்றேன். வேல முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். ஒடனே நிறுத்திரு."

நல்ல சங்கேதம் என்று மூன்று பேருக்குமே பட்டது. தோட்டத்து ஆட்களுக்கு வேறென்ன வார்த்தை தோன்றும்?

பொங்கலன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. கயிறிழுத்தல், தலையணைச் சண்டை எல்லாம் முடிந்து, மைதானத்தின் நடுவில் நான்கு கம்புகளை நட்டுக் கயிறு கட்டிச் சாக்குகளைப் பரப்பினோம். நான் மைக்கோடு கயிற்றுக்கு வெளியே நின்றேன். அண்ணன் தராசோடு நடந்துவந்தான். நேரே பெண்கள் கூட்டத்துக்குப் போய், ஒரு பாட்டியின் கைப்பையை வாங்கித் தராசில் நிறுத்தான். "ஈரம். கழிவு போக ஒண்ணுமில்ல. அரைப்பேரு." அவ்வளவுதான். மண்ணாங்கட்டி பறந்தது. முன்வரிசை பிளாஸ்டிக் கதிரையில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த எங்கள் கண்டாக்கையா, தராசடியில் நின்று பேர் போடும் அதிகாரியே அவர்தான், விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரையோ சொல்கிறோம் என்று நினைத்திருப்பார்.

அம்மா கூட்டத்தில் இருந்தார். மகன் கயிறிழுக்கப் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் தராசைப் பார்த்ததும் அவரும் கை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன்.

சிறுத்தை அண்ணனைத் தூக்கி எறிய வேண்டிய கட்டம் வந்தது. தூக்கினார், எறிந்தார். அதுவரை மிதிபட்டதில் சாக்குகள் விலகியிருந்தன. அண்ணனின் இடது தோள் வெறுந்தரையில் விழுந்தது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

கயிற்றை ஒட்டி அவன் பக்கம் ஓடினேன்.

பிறகு குரல் வந்தது. "பேர் போடு... சுதா, பேர் போடுடா."

முன்னால் இருந்த ஒரு பெண் துள்ளி எழுந்தாள். "அடியேய், பேர் போடச் சொல்லி கெஞ்சுறான்டி!" அது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. எத்தனை வருடமாக அவர்கள் கெஞ்சிய வார்த்தை அது! "போடாத! அவனுக்கு அரைப்பேரு போடு! ஏறி மிதி!" என்று மைதானமே கத்தியது. அந்த இரைச்சலில் சுதா அண்ணனுக்குக் குரல் கேட்டதோ, கேட்டும் இது அண்ணன் புதிதாகச் சேர்த்த வசனம் என்று நினைத்தாரோ, கம்பைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். அடுத்த கட்டம் மேலிருந்து அவன்மேல் குதிப்பது. அந்த உடம்பு அந்தத் தோளில் விழுந்தால்!

நான் கயிற்றுக்குள் பாய்ந்தேன். அண்ணனுக்கு முன்னால் கையை விரித்து நின்று, "நெசமா அடிபட்டிருச்சி! நிறுத்துங்க! இது கத இல்ல!" என்று கத்தினேன்.

சனம் இன்னும் ஆனந்தமாகக் கூவியது. "தங்கச்சிக்காரி வந்துட்டா! அவளும் அவன் கட்சிதான்டா!" என் கண்ணில் தண்ணீர் வந்தது; அதற்கும் கை தட்டினார்கள். நான் எதைச் சொன்னாலும் அது கதைக்குள்ளேயே போய் விழுந்தது. சுதா அண்ணன் மேலே நின்று, சிரித்த முகத்தோடு, விலகு என்று எனக்குச் சைகை காட்டினார்.

அந்த நொடியில் எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. தோன்றாமல் போயிருந்தால் என்று நினைத்து இன்றைக்கும் விழித்துக்கொள்கிறேன். கீழே கிடந்த தராசை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினேன். மைக்கில் கத்தினேன்:

"வேல முடிஞ்சிருச்சி! அரைப்பேரு தோத்துட்டான்! இன்னைக்கி எல்லாருக்கும் முழுப்பேரு! வாங்க, வந்து சிறுத்தைய தூக்குங்க!"

மைதானம் இடிந்து உள்ளே வந்தது. கயிறு அறுந்தது. கம்பில் நின்றவரை அப்படியே தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் அம்மாவும் அந்த ஊர்வலத்தோடு கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போனார். நான் அண்ணன்மேல் கால்கள் படாமல் குனிந்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் வடிந்த பிறகுதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

காறை எலும்பு முறிந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "இதுவும் ஆட்டந்தானா?" என்று கேட்டுவிட்டு பிஸ்கட் பெட்டியை வைத்தார்கள். மெடிக்கல் கைநழுவிப் போனது.

கட்டார் வேலைக்கு ஏஜென்ட் வேறொரு ஆளை அனுப்பச் சொன்னான். அண்ணன் சுதா அண்ணனைப் போகச் சொன்னான். அவர் கட்டிலடியில் நின்றுகொண்டு, "மாட்டேன்டா" என்று அழுதார்.

"நீ போவாட்டி ரெண்டு பேருக்கும் இல்ல. போடா மாடு!"

அவர் போனார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கதை எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. நாங்கள் எழுதாத அடுத்த கட்டத்தைத் தோட்டமே எழுதிக்கொண்டது: விசாவுக்கு ஆசைப்பட்டுக் கூட்டாளியின் தோளை உடைத்தவன் சுதா. பொங்கலுக்கு முன்னால் அவர்கள் முகம் பார்க்காமல் திரிந்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள் அல்லவா? பை தூக்கிக்கொண்டு அவர் கிளம்பிய காலையில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்று காறித் துப்பினார்கள். அண்ணன் கட்டுப்போட்ட கையோடு ஸ்டேஷன் வரை கூடவே நடந்தான். "அது நாடகம்! நாங்க கூட்டாளிங்க!" என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனான்.

"ஒடச்சவனுக்கே பரிஞ்சி பேசுறான் பாரு. தங்கமான மனசு" என்றார்கள்.

டிவியில் ஒரு வில்லனை நல்லவனாக்க வருடக்கணக்கில் கதை கட்டுவார்கள். எங்கள் தோட்டத்தில் அரைப்பேரு ஒரே வாரத்தில் நல்லவனானான், சிறுத்தை வில்லனானார். மடுவத்துக்கு வந்த தாய்மாரிடம் நான் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தேன். "நீ படிச்ச புள்ள. ஒனக்கு ஒலகத்து சூது தெரியாது" என்றார்கள். அம்மாவும் வாயால் சரி என்றார். மனசால் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சுதா அண்ணனின் தாய் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். பிறகு டயகமவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் கட்டாருக்குப் போகவே இல்லை. இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். தோள் மழை நாளில் மட்டும் வலிக்கும். சுதா அண்ணன் லீவில் வரும்போது நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் இறங்குவார். இரண்டு பேரும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பழையபடி கத்திச் சிரிப்பார்கள். தோட்டத்துக்கு மட்டும் வரமாட்டார். ஒருமுறை நான் கேட்டேன். "ஒருக்கா வாங்கண்ணே. மூணு பேருமா நின்னு சொல்லுவோம்."

"வேணாம் தங்கச்சி. என்னைய தோள்ல தூக்கிட்டு போன சனம். அதுங்க மொகத்த திருப்பிக்கிறத இன்னொருக்கா பாக்க ஏலாது."

போன மாதம் நான் மட்டும் தோட்டத்துக்குப் போனேன். யாரிடம் தொடங்கலாம் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். மைதானத்தில் முட்டைக்கோவாப் பாத்தி போட்டிருக்கிறார்கள். லயத்தில் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது. பொங்கலன்று முன்னால் துள்ளி எழுந்தவள் கொழும்பில் ஒரு வீட்டு வேலையில் இருக்கிறாளாம். துப்பியவர்களில் இரண்டு பேர் தவறிவிட்டார்கள். மற்றவர்கள் பிள்ளைகளோடு எங்கெங்கோ. சுதா அண்ணன் குடும்பம் இருந்த காம்பிரா வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். வேறு தோட்டத்திலிருந்து வந்தவளாம்.

"யாரத் தேடுறீங்கக்கா?"

"முந்தி இங்க சுதான்னு ஒருத்தரு இருந்தாரு..."

"எந்த சுதா? அப்புடி யாரும் தெரியாதேக்கா."

அவள் முகத்தில் கோபமில்லை, அருவருப்பில்லை. அவரைத் திட்ட அங்கே இனி ஆளில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒத்துக்கொள்ளவும் ஆளில்லை.